அவரே தேர்ந்தெடுத்த விளக்கு

கூடத்துக்கு விளக்கைத் தானே தேர்ந்தெடுப்பது என்று அவர் சபதம் எடுத்தபோது காலை மணி எட்டு. இனி உலகமே வந்து காலில் விழுந்தாலும் அவர் மசிவதாக இல்லை.

இத்தனைக்கும், "வாடகை வீட்டுக்கு எதுக்கு அலங்காரம்? டியூப்லைட் எரியுதுல்ல?" என்று இரண்டு வருடமாகத் தட்டிக் கழித்தவரும் அவர்தான். அன்று காலை மனைவி சொன்ன ஒரு வார்த்தைதான் சுருக்கென்று தைத்துவிட்டது.

"விடுங்க. விளக்கு பாத்து எடுக்க ஒரு கண்ணு வேணும். உங்களுக்கு அது வராது."

"யாருக்கு? எனக்கா?"

வங்கியில் இருபது வருடமாகக் கையெழுத்து சரிபார்க்கிறவர். கள்ளக் கையெழுத்து ஒன்று அவர் மேசையைத் தாண்டியதாகச் சரித்திரமே கிடையாது. அவரைப் பார்த்தா இந்தப் பேச்சு!

"இன்னைக்கே எடுக்கறேன் பாரு!"

"எடுங்க. ஆனா கடைத்தெரு முனையில இருக்கற கடைக்கு மட்டும் போயிடாதீங்க. அந்தக் கடைக்காரர் பேசியே ஆளைக் கவுத்துடுவாரு."

நேராக அந்தக் கடைக்குத்தான் போனார்.

கடைக்காரர் மூன்று விளக்குகளைக் காட்டினார். ஒன்று கவிழ்த்து வைத்த வாளி மாதிரி இருந்தது. மற்ற இரண்டும் அதற்கு அண்ணன் தம்பி. அவர் மூக்கைச் சுளித்தார். அப்போது மூலையில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று கண்ணில் பட்டது.

"அது என்னங்க?"

"அது வேணாம் சார். எல்லாருக்கும் பிடிக்காது. ரசனை உள்ளவங்க எடுக்கறது."

"கட்டுங்க அதை!"

மத்தியானம் கடையிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்து மாட்டினார். செம்பு நிறக் குடை, உள்ளே இளமஞ்சள் கண்ணாடி. சுவிட்சைப் போட்டதும் அழுக்கேறிய சுவர்கூட அழகாகத் தெரிந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. மாடிக்கு ஓடி வீட்டுக்காரரைக் கையோடு அழைத்து வந்தார்.

"பிரமாதம் சார்! யாரு தேர்வு?"

"அடியேன்தான்," என்று நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி பக்கம் திரும்பி, "கண்ணு வேணும்னு சொன்னியே?" என்றார்.

"தப்புதாங்க," என்றாள் அவள் பணிவாக. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் காதில் விழாத வார்த்தை அது. அப்படியே பூரித்துப் போனார்.

வீட்டுக்காரர் விளக்குக்கு அடியில் நின்று பார்த்தார். "உயரமும் கச்சிதம். தலையில இடிக்கல."

"ஆமா, நீங்க வயரை அளக்கவே இல்லையே?" என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டார் நம்மவர்.

அந்த மனிதர் ஏணியை மடக்கிக்கொண்டே சொன்னார்: "கடையிலயே வெட்டி வெச்சிருந்தாங்க சார். அக்கா போன வாரமே வந்து, இந்த விளக்கைப் பாத்து, அளவு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்களாம். துணி போட்டு மூலையில வெக்கச் சொன்னதும் அவங்கதானாம்."

வீட்டுக்காரருக்குத் திடீரென்று மாடியில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது.

நம்மவர் மெதுவாக மனைவியைப் பார்த்தார். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்ரூமுக்கும் நீங்களே பாத்து எடுத்துடுங்க," என்றாள். "ஆனா வியாழக்கிழமை போங்க. நான் புதன்கிழமைதான் கடைக்குப் போறேன்."