கிளமெண்ட் கடை விடுதலை பெற்ற வரலாறு

மனிதகுல விடுதலை வரலாற்றில் காளவாசலுக்கு உரிய இடம் இன்னும் வழங்கப்படாதது பெரும் அநீதி. அங்கேதான் கிளமெண்ட்டின் ஃப்ளெக்ஸ் கடை தன் 'அடிமைத்தளை'யை அறுத்துக்கொண்டது.

கிளமெண்ட் பாவத்துக்கு அஞ்சியவர். திருட்டு சாஃப்ட்வேரில் பேனர் அடிப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் மனசை உறுத்தும். 'கட்டற்ற மென்பொருள் பேரவை'த் தலைவர் அனந்தபத்மநாபன் அந்த உறுத்தலை மோப்பம் பிடித்து வந்து, கம்ப்யூட்டரில் பழையதை அடியோடு அழித்து, யாரும் உள்ளே திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸ் ஏற்றினார். முற்றிலும் இலவசம். பேரம் பேச வழியில்லாமல் போச்சே என்பதுதான் கிளமெண்ட்டுக்குக் குறை.

ஏற்றியாயிற்று. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

"கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் போடணும்ணே. அப்பத்தான் படம் தெரியும். கம்பெனி டிரைவர் போட்டா உடனே வந்துரும்," என்றார் தலைவர்.

"போடுங்க சார்!"

"அதோட உள்வேலையை அவங்க யாருக்கும் காட்ட மாட்டாங்க. விடுதலையான வீட்டுக்குள்ள வேவுகாரனை விடுறதா?"

"அப்ப உள்வேலை காட்டுற டிரைவரைப் போடுங்க."

"இந்தக் கார்டுக்கு இன்னும் எழுதிக்கிட்டிருக்காங்க."

கம்பெனி டிரைவரை விடலாமா என்று முடிவெடுக்க, பேரவையின் அவசரப் பொதுக்குழு கடையிலேயே கூடியது. டீ, கிளமெண்ட் கணக்கு.

நடுவில், பேனருக்குச் சொல்லியிருந்த சிவபாண்டி பாய்ந்து வந்தார். "அண்ணே, அக்கா மகளுக்குச் சாயங்காலம் காதுகுத்து. சீர் வண்டி கொட்டாம்பட்டியில கிளம்பிருச்சு. மண்டப வாசல் பூரா பங்காளிக மூஞ்சி தொங்குது. தாய்மாமன் மூஞ்சி எங்கண்ணே?"

"பென்டிரைவ்ல பத்திரமா இருக்கு மாப்ள. திரைக்குத்தான் வரல."

"பொறுமை தம்பி," என்றார் தலைவர். "தீர்மானம் வாசகத் திருத்தத்துல இருக்கு."

"கடைக்கு விடுதலை குடுத்துட்டீக. என்னைய எப்ப விடுவீக?"

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு சிவபாண்டி எதிர்க்கடை அழகுராஜாவிடம் போனார். அங்கே ஓடுவது அத்தனையும் திருட்டு சாஃப்ட்வேர். அரைமணி நேரத்தில், கூலிங் கிளாஸும் கும்பிடுமாக, வேனைவிடப் பெரிய தாய்மாமன் சுருட்டிய ஃப்ளெக்ஸாக வெளியே வந்தார். அவர் பின்னாலேயே அந்தச் சொந்தக்கூட்டத்தின் வளைகாப்பு, கிரகப்பிரவேசம், பூப்புனித நீராட்டு ஆர்டர் அம்புட்டும் ரோட்டைத் தாண்டிப் போவதைக் கிளமெண்ட் கண்ணாரக் கண்டார்.

பொதுக்குழு கம்பெனி டிரைவரை ஒருமனதாக நிராகரித்து, வடையோடு கலைந்தது.

மறுநாள் காலை, கிளமெண்ட் கடை வாசலில் தலைவரே ஏணி போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். 'விடுதலை பெற்ற முதல் கடை! விடுவித்த தலைவரே, வருக!' கூலிங் கிளாஸில் அனந்தபத்மநாபன். கீழே பொடி எழுத்தில், அச்சிட்டவர் அழகுராஜா.

"என்ன சார் இது! அவன்ட்ட இருக்கது பூராத் திருட்டாச்சே!"

"கொள்கைக்குத்தான் உங்க கடை இருக்கேண்ணே," என்று தலைவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "பேனர் அவசரம்."