தத்துவத்துக்கு எதிர்காலம் கேட்கப் போனேன்

நான் எதற்கும் பயப்படுகிறவன். பஸ்ஸில் ஏறியதுமே இறங்க வேண்டிய ஸ்டாப்பை நினைத்து வியர்க்கும். பயம் முற்றினால் எனக்கு வருவது கோபமாக்கும். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

மகள் ஷைனி தத்துவம் எம்.ஏ. சேர்ந்திருந்தாள். எட்டாவதோடு படிப்பை விட்டு டைல்ஸ் பதிக்கப் போன எனக்கு, அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் அவள் மேசையில் அந்த நோட்டீஸ் கிடந்தது. 'காண்டினென்டல் தத்துவம்: இயல்பும் எதிர்காலமும். அனைவரும் வருக.' எதிர்காலம் என்றால் வேலைதானே? பெற்றோர் கூட்டம் என்றே முடிவு செய்தேன். (மகளிடம் கேட்டிருக்கலாம். 'வரண்டாம்' என்று சொல்லிவிடுவாளே.)

கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டேன். ஃபைலில் அவள் மார்க் லிஸ்ட், ரேஷன் கார்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கரண்ட் பில். எல்லை தாண்டி, கேரளத்துக் காலேஜ் ஹாலில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். சாயா கொடுத்துக்கொண்டிருந்த ஷைனி தட்டோடு நின்றுவிட்டாள்.

"அப்பா, இஞ்ச என்னத்துக்கு வந்திய?"

"ஒனக்க காரியமாத்தான் மக்கா."

முதல் சார் பாதி மலையாளம், பாதி இங்கிலீஷில் ஒரு மணிக்கூர் பேசினார். காண்டினென்டல் என்ற பெயரைக் கடலுக்கு அக்கரை இங்கிலீஷ்காரர்கள் வைத்தார்களாம். இக்கரை ஐரோப்பா ஆட்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதே இல்லையாம். அது மட்டும் எனக்குச் சட்டென்று புரிந்தது. நெய்யாற்றின்கரைக்குப் போனால் மலையாளிகளுக்கு நான் பாண்டி, மார்த்தாண்டம் போனால் தமிழர்களுக்கு மலையாளத்தான்.

இரண்டாவது சார் எழுந்து, அந்தத் தத்துவம் முடிந்துவிட்டது, அதற்கு எதிர்காலமே இல்லை என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நானும் எழுந்தேன். பயம் முற்றிவிட்டிருந்தது.

"சாரே, தீந்து போச்செங்கி பின்ன எதுக்கு எனக்க பிள்ளைய சேத்திய? சேக்கும்போ இத சொன்னியளா? நான் போட்ட தரை இளகினா மறுநாளே போயி பேத்துப் போட்டுக் குடுப்பேன். நீங்க என்ன செய்விய?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "இன்றைக்கு வந்ததில் இதுதான் கேள்வி" என்றார். மறுபடியும் கைதட்டு.

"கைதட்டு வேண்டாம். பதில் சொல்லுங்க."

சாயா இடைவேளை விட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ் உதியன்குளங்கரை தாண்டியதும் ஷைனி, "இனி நான் எப்பிடி காலேஜுக்குப் போவேன்?" என்று அழுதாள். ஒரு வாரம் போகவும் இல்லை. படிப்பை நிறுத்தியது தத்துவமா நானா என்று அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

எட்டாம் நாள் அவளாகவே போனாள். இப்போது ஆராய்ச்சி செய்கிறாள். விஷயம்: முடிந்துபோனது என்று தெரிந்தே ஒன்றைக் கற்பிக்கிறவரின் பொறுப்பு. (கேள்வி என்னுடையது, பட்டம் அவளுக்கு.) அந்த இரண்டாவது சார்தான் வழிகாட்டி. பதில் இன்னும் வரவில்லை.

வீட்டில் நான் என்ன கேட்டாலும், மீன்குழம்பு ஆச்சா என்று கேட்டால்கூட, அம்மையும் மகளும் பதில் சொல்வதில்லை. கைதட்டுகிறார்கள்.