ரோஸ் கவரில் போன வேலை விண்ணப்பம்

நான்கு வருடம் பிள்ளை வளர்த்ததை வேலைக்கு எழுதும் கடிதத்தில் எந்த இடத்தில் சொல்வது? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. சொன்னால், இவளுக்கு வீட்டு ஞாபகமாகவே இருக்கும் என்பார்கள். சொல்லாவிட்டால், நான்கு வருடம் எங்கே போயிருந்தாள் என்பார்கள்.

கந்தர்வக்கோட்டையில் ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று தெரிந்தபோது, என் எம்.காம். சான்றிதழ் பீரோவில் மகளின் பழைய சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ். மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். இதை விட்டால் இந்தப் பக்கத்தில் எனக்கு வேறு வேலை கிடைக்காது என்று நம்பினேன். சனிக்கிழமைக்குள் பயோடேட்டாவும் கவரிங் லெட்டரும் தர வேண்டும். மெயிலிலும் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம்.

போனில் கிடைத்த மாதிரிக் கடிதங்களை எல்லாம் படித்து, 'சுயமாக முடிவெடுப்பவள்' என்று எழுதினேன். (குக்கரை அணைக்கலாமா என்று மாமியாரைக் கேட்டுவிட்டு அணைக்கிறவள் நான்.) 'தாழ்மையுடன்' என்று போட்டேன், அடித்தேன், பயம் வந்து மறுபடி போட்டேன். பிள்ளை பற்றிய வரி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. கடைசியில், 'இடைப்பட்ட காலத்தில் குடும்பப் பொறுப்புகளை நிர்வகித்தேன்' என்று முடித்தேன்.

துபாயில் இருக்கும் கணவர் அதைப் படித்துவிட்டு, "நிர்வகிச்சியா? கேஸ் புக் பண்ண மறந்து மூணு நாள் கடையில இட்லி வாங்குனது எந்தப் பொறுப்பு?" என்றார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு, மெயில்ல அனுப்பிரு" என்றார்.

அனுப்பியிருப்பேன். அதற்குள் மாமியார் வந்துவிட்டார்.

"ஏத்தா, நல்ல காரியத்தை யாராச்சும் போன்ல சொல்லுவாங்களா? போன மாசம் ஒங்க சின்ன மாமா மகன் போன்ல பத்திரிகை அனுப்புனானே, நாம போனோமா?"

"இது வேலை விஷயம் அத்தை. எல்லாரும் மெயில்லதான் அனுப்புறாங்க."

"எல்லாரும் அனுப்பட்டும். நாம நேர்ல போயி மரியாதையாக் குடுப்போம்."

சரி, நேரிலும் கொடுத்து மெயிலிலும் அனுப்பிவிடலாம் என்றேன். அதற்கும் விடவில்லை. "கையில குடுத்துட்டு அங்கிட்டும் அனுப்புனா, அவுகள நம்பலைன்னு ஆகிப் போகும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. (யார் எதைச் சொன்னாலும் எனக்கு நியாயமாகத்தான் படும்.)

வீட்டில் இருந்த ஒரே நீளக் கவர், நாத்தனார் கல்யாணத்தில் மிஞ்சிய ரோஸ் கவர். அதில் கடிதத்தை வைத்தேன். மாமியார் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மேலே கவர். மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

ஆவணி மாதம். மேனேஜர் மேசையின் ஓரத்தில் கல்யாணப் பத்திரிகைகள் அடுக்காக இருந்தன. எங்கள் தட்டைப் பார்த்ததும் அவர் எழுந்தார், செருப்பைக் கழற்றினார், கவரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதிரிலேயே பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் நேராக அந்த அடுக்கின் மேல் வைத்தார்.

"ரொம்ப சந்தோசம்மா. குடும்பத்தோட வந்துர்றோம்."

"அவசியம் வரணும்ங்க" என்றார் மாமியார். எத்தனையோ வீடுகளில் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது.

சார், அது கல்யாணப் பத்திரிகை இல்லை என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. மகளின் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் மாமியாரிடம் சொன்னேன்.

"பிரிச்சா தெரிஞ்சுட்டுப் போவுது. இதுக்குப் போயி ஏன் மொகத்தைத் தூக்கி வச்சிருக்க?"

சனிக்கிழமை வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு, 'சார், அது பத்திரிகை அல்ல' என்று டைப் செய்வதும் அழிப்பதுமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே கூப்பிட்டார்.

"இன்னைக்கு முகூர்த்த நாளாச்சே, கல்யாணம் இன்னைக்காத்தான் இருக்கும்னு பட்டு வேட்டி கட்டிக் கெளம்பிட்டேன்மா. மண்டபம் எங்கன்னு பாக்கப் பிரிச்சா, வேலைக்கு எழுதியிருக்கீங்க. நேத்துத்தானம்மா ஒருத்தரை எடுத்தோம்." பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது: "அப்ப சாப்பாடு இல்லையா?"

அன்று பாத்திரம் துலக்குகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன். மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனார். கணவர் போனில் முதலில் சமாதானம் சொன்னார், பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் காரியம் தவறினாலும், "மண்டபம் எங்கன்னு கேட்டியா?" என்பதுதான் பேச்சு.

தை மாதம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். எடுத்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டாராம். "தட்டு வச்சுக் கூப்புட்டீங்க, எங்களால வர முடியல. நீங்களாவது வாங்கம்மா" என்றார். சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த அன்று தயங்கித் தயங்கி, "சார், என் லெட்டர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா படிச்சேன்? மாப்பிள்ளை பேரைத் தேடுனேன், காணோம். மடிச்சு வச்சுட்டேன்."

இப்போது எங்கள் தெருவில், வேலைக்கு எழுதும் பெண்களின் கவர்களை அவர்கள் அம்மாக்கள் என் மாமியார் கையில் கொடுத்து மஞ்சள் தடவி வாங்கிப் போகிறார்கள். ராசியான கையாம். அந்தப் பெண்களோ என்னிடம் வந்து, "அக்கா, உள்ள என்ன எழுதுறது?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது? ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் வாசகர்கள் யாராவது, இந்தக் கடிதங்களைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறீர்களா என்று மட்டும் தயவுசெய்து எழுதுங்கள். படிப்பதில்லை என்றாலும் பரவாயில்லை, மாமியாரிடம் சொல்ல மாட்டேன்.