மறிக்காத நாளையும் கேட்ட மனிதர்

எந்தச் செய்தியையும் அரைவாசிச் செய்தியாகவே கேட்கத் தெரிந்த ஒரே தமிழர், கனடா முழுவதிலும், எங்கள் பகுதியெண் அண்ணைதான். மார்க்கம் நகரில் நாங்கள் வேலை செய்த காப்புறுதி அலுவலகத்தில் அவர் புள்ளிவிபரக்காரர். நான் அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்தவன். ஒரு பின்னத்தைக் காட்டினால் மேலே இருக்கும் எண்ணை ஏறிட்டும் பார்க்கமாட்டார். கோட்டுக்குக் கீழே இருக்கும் பகுதியெண்தான் அவருக்கு வேண்டும்.

அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியதால் மகனுக்கு வேலை கிடைத்தது என்று ஓர் அன்ரி தேவாலய வாசலில் சொன்னார்.

“நல்லது அன்ரி. கொளுத்தியும் கிடைக்காத ஆக்கள் எத்தினை பேர்?”

அதன் பிறகு அந்த அன்ரி பூசையில் அவர் இருந்த பக்கமே இருந்ததில்லை.

இந்த மனிதரிடம்தான் பக்கத்து மேசை ஜெறோம் போய் அழாக்குறையாக நின்றான். ரெக்ஸ்டேலிலிருந்து தினமும் காரில் வருபவன். வழியில் பொலிஸ் அடிக்கடி மறிக்கும், லைசென்ஸைப் பார்க்கும், ஒன்றும் எழுதாமல் விட்டுவிடும்.

“தோலைப் பாத்துத்தான் மறிக்கிறாங்கள் அண்ணை.”

“மறிக்காத நாள் எத்தினை?”

ஜெறோமின் முகம் கறுத்தது. “நீங்களும் நம்பேல்லையோ?”

“நான் நம்பி உனக்கென்ன பிரயோசனம்? நம்பாதவனை எல்லே நம்பப் பண்ண வேணும்.”

மறிக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் போதாது, வீதியில் ஓடுகிறவர்கள் யார் யார் என்று தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த மாலை கோட்டும் ரையுமாகச் சந்தியில் நின்று, சிவப்பு விளக்கில் நின்ற ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டிப் பார்த்தார். ஒருவர் கண்ணாடியை இறக்கிச் சில்லறை நீட்டினார். இன்னொருவர் பொலிஸுக்கு அறிவித்தார். பொலிஸ் வந்து அண்ணையின் அடையாள அட்டையைக் கேட்டது.

“இதைக் கணக்கிலை சேர்க்கேலாது. நான் கார் ஓடேல்லை” என்று எங்களிடம் வருத்தப்பட்டார். பிறகு முகம் மலர்ந்தது. “பொழுதுபட்டாப் பிறகு ஒருத்தற்றை முகமும் தெரியேல்லையடா.”

“பரவாயில்லை அண்ணை, நாளைக்கு வெள்ளன நில்லுங்கோ” என்றேன்.

“மொக்கா, எனக்குத் தெரியாட்டி பொலிசுக்கும் தெரியாது.”

அதே வீதி, அதே மாலை ஐந்தரை மணி. கோடையில் வெளிச்சம், மாரியில் இருட்டு. முகம் தெரியும்போது எங்களைப் போன்றவர்களைக் கூடுதலாக மறித்து, தெரியாதபோது குறைவாக மறித்தால், மறிக்கப்படுவது வேகமல்ல, முகம். அண்ணை மேசைக்கு மேசை ஓடி இதை விளக்கினார். இந்த வழியை ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மறுநாள் தெரியவந்தது. வேறொருவர் என்றால் சோர்ந்திருப்பார். இவர் எல்லோருக்கும் சாப்பிடச் சுடச்சுட றோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். “அப்ப நான் பிழை விடேல்லை.”

அன்றிலிருந்து கார் வைத்திருந்த நாங்கள் எல்லோரும், மறித்தாலும் மறிக்காவிட்டாலும், ஒவ்வொரு பயணத்தையும் அவருக்கு அறிவிக்க வேண்டும். மாரி போய்க் கோடை வந்தது. கணக்கு முடிய இன்னும் கொஞ்சம்தான் என்று அண்ணை பறந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் வேலை முடிந்து போகையில் ஜெறோம் தன் காருக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றான். முதல்நாளும் மறித்திருந்தார்கள்.

“வேலையை விடப்போறன் அண்ணை. இனி இந்தக் கார்த் திறப்பைத் தொடமாட்டன்.”

அண்ணையின் வீடு ஸ்ரௌவ்வில்லில், ரெக்ஸ்டேலுக்கு நேர் எதிர்த்திசையில். அவருடைய காரும் அலுவலக வாசலில்தான் நின்றது. அவர் ஜெறோமின் கார்க் கதவைத் திறந்து, முன்னுக்கு ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டார்.

நான் பதறிப்போனேன். “அண்ணை, பக்கத்திலை ஆள் இருந்தா மறிக்கிற விதமும் மாறும், உங்கடை கணக்கு முழுக்கப் பழுதாப் போகுமே.”

“போகட்டும். ஜெறோம், நீ காரை எடு.”

அந்தக் கோடை முழுவதும் மாலைதோறும் அவனோடு ரெக்ஸ்டேல் வரை போனார். பிறகு பஸ் மாறி மாறி மார்க்கம் திரும்பி, தன் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் அண்ணை குறட்டைதான் என்று ஜெறோம் முறைப்பாடு சொல்வான். ஆனால் வேலையை விடவில்லை.