இன்னும் ஏதாவது வேணுமா?

தனியாக இருக்கிற ஒரு மனுஷன் தினமும் நாலு காகிதப் பைகளோடு வீட்டுக்குள் போனால் பார்க்கிறவர்கள் கண்ணை உறுத்தும் என்று டெல்பர்ட்டுக்குத் தெரியாமல் இல்லை. இத்தனை நாள் கோட்டுக்குள் ஒளித்துத்தான் கொண்டுபோனார். அன்றைக்கு வாசற்படியில் பனி வழுக்கிவிட்டது. ஒரு பை கிழிந்து, வறுத்த உருளைக்கிழங்கு எல்லாம் பனியில் சிதறியது. பக்கத்து வீட்டு வில்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"இவ்வளவு சாப்பாடா? வீட்டுக்கு யாரு வந்திருக்காங்க?"

"அக்கா பையன்," என்றார் டெல்பர்ட். "குடும்பத்தோட."

"நல்லதாப் போச்சு. எத்தனை நாள் இருப்பாங்க?"

"ஒரு வாரம்."

அவருக்கு அக்காவே கிடையாது.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர் டெல்பர்ட். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகளின் கூச்சல். வீட்டுக்கு வந்தால் மனைவி நோரீனின் பேச்சு. நோரீன் இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் தன்னை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதை அதற்கப்புறம்தான் கவனித்தார். மகள் ஷெரில் ஞாயிற்றுக்கிழமை டூசான் நகரத்திலிருந்து போனில் கூப்பிடுவாள். ஆனால் அவள் சொல்லுகிற ரகம், கேட்கிற ரகம் இல்லை.

முன்பெல்லாம் கடைத்தெருவில் ஒரு சின்ன உணவகம் இருந்தது. பன்னிரண்டு முக்காலிகள். எதில் உட்கார்ந்தாலும் இரண்டு பக்கமும் யாராவது இருப்பார்கள். நெடுஞ்சாலை முனையில் 'ரெட் பார்ன் பர்கர்' வந்த மறுவருஷம் அதை மூடிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. பாதி விலை என்று முதல் வாரமே கட்சி மாறியவர்களில் டெல்பர்ட்டும் ஒருவர். இப்போது மத்தியானமானால் ஊரே அந்தக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில்தான் சாப்பிடுகிறது. ஆளுக்கொரு கார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, எல்லாரும் ஒரே சுவரைப் பார்த்தபடி மெல்லுவார்கள்.

இலையுதிர் காலத்தில் அந்தக் கடையில் ஒரு பலகை வைத்தார்கள். இனிமேல் காரில் வருகிறவர்களிடம் ஆர்டர் எடுக்கப்போவது ரோஸி என்கிற பேசும் இயந்திரம். டெல்பர்ட் எரிச்சலோடுதான் முதல் தடவை அந்த ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினார்.

"ஒரு பர்கர்."

"ஒரு பர்கர்," என்றது ரோஸி, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில். "இன்னும் ஏதாவது வேணுமா?"

டெல்பர்ட் யோசித்தார். ஒரு ஜீவன் இவ்வளவு அக்கறையாகக் கேட்கும்போது முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்பதா?

"உருளைக்கிழங்கு ஒண்ணு."

"இன்னும் ஏதாவது வேணுமா?"

போதும் என்று சொல்கிற வரைக்கும் அது கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். போதும் என்று சொல்லத்தான் மனசு வரவில்லை. நாலு பைகள் அப்படித்தான் ஆயின. கொழுப்பு ஏறியிருக்கிறது என்று டாக்டர் கண்டித்திருந்ததால் தினம் ஒரு பர்கர் மட்டும் சாப்பிட்டு, மிச்சத்தைக் குளிர்பெட்டியில் அடுக்கினார். அது நிரம்பியதும் கார் கொட்டகையில் அடுக்கினார். டிசம்பரில் நெப்ராஸ்காவில் கொட்டகையே குளிர்பெட்டிதான்.

போகப்போக ரோஸியிடம் சொந்தக் கதையும் சொல்ல ஆரம்பித்தார். நோரீன் சுடுகிற ரொட்டி, வலது முழங்கால் வலி, ஷெரிலின் புது வீடு. ஒருநாள் அதுவே, "முழங்கால் இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டது. இந்தக் காலத்தில் இயந்திரத்துக்குள் என்னவெல்லாம் வைக்கிறார்கள் என்று அவர் அசந்துபோனார்.

உருளைக்கிழங்கு சிதறிய அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு வில்மா கதவைத் தட்டினார். கையில் ஆறு பேர் சாப்பிடும் அளவுக்கு வேகவைத்த பீன்ஸ் நிறைந்த கண்ணாடிப் பாத்திரம். டெல்பர்ட் கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியில் தன்னையே அடைத்துக்கொண்டு நின்றார். குழந்தைகள் இருக்கிற வீடாகத் தெரியட்டும் என்று தொலைக்காட்சியில் கார்ட்டூனை அலறவிட்டிருந்தார்.

"பசங்களைப் பார்க்கலாமா?"

"தூங்குறாங்க."

"இந்தச் சத்தத்துலயா?"

"பழகிட்டாங்க."

வில்மா உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் டெல்பர்ட் ஒலிபெருக்கியிடம் சரணடைந்தார். "ரோஸி, ஒரு சிக்கல். நீ மெஷின். உங்கிட்ட சொன்னா வெளியே போகாதுல்ல?"

"போகாது."

நடந்ததைச் சொன்னார். ரோஸி கொஞ்ச நேரம் கரகரத்தது. "ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க. இன்னும் ஏதாவது வேணுமா?"

"ஒரு ஆப்பிள் கேக். அப்புறம் ஒரு மில்க் ஷேக்."

விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள் என்று சாயங்காலம் வில்மாவிடம் சொன்னார், கையில் நாலு பைகளோடு. வில்மா பைகளைப் பார்த்தார்.

"அக்கா பையன் மட்டும் இருக்கான்," என்றார் டெல்பர்ட் அவசரமாக. "காலு சுளுக்கிக்கிச்சு."

ஆறு மணிக்கு வில்மா கோழி சூப்போடு வந்தார். கூடவே, இறந்துபோன கணவர் வைத்திருந்த ஊன்றுகோலையும் கொண்டுவந்திருந்தார். டெல்பர்ட் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், சமையலறைத் தரையில் டக், டக் என்று நாலு தரம் தட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"பரவாயில்லையே, நல்லாவே நடக்குறாரு," என்றார் வில்மா.

"கொஞ்சம் வலி இருக்கு."

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசுவார்கள். முதலில் ஐந்து நிமிஷம், அப்புறம் அரைமணி. விமானப்படையில் இருக்கிற மகன் கடிதமே போடுவதில்லை என்று வில்மா சொன்னார். கணவருடைய நாற்காலியைத் துணி போட்டு மூடி வைத்திருப்பதாகச் சொன்னார். மூக்கு நுனி சிவந்து, வாயிலிருந்து ஆவி பறக்க அந்த அம்மாள் நிற்பதைப் பார்க்க டெல்பர்ட்டுக்குச் சங்கடமாக இருந்தது. உள்ளே அடுப்பு கதகதவென்று எரிகிறது. ஆனால் உள்ளே கூப்பிட்டால் அக்கா பையனுக்கு எங்கே போவது?

வியாழக்கிழமை வில்மா தீர்மானமாகச் சொன்னார்: "நாளைக்கு நான் உள்ளே வந்து அவரைப் பார்த்துட்டுத்தான் போவேன். நர்ஸா இருக்கிற என் சிநேகிதியையும் கூட்டிட்டு வர்றேன். பத்து நாளா ஆறாத சுளுக்கு என்ன சுளுக்கு?"

மறுநாள் மத்தியானம் டெல்பர்ட் ஒலிபெருக்கி முன்னால் காரை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது.

"என்ன வேணும், சொல்லுங்க," என்றது ரோஸி.

"பர்கர் எல்லாம் ஒண்ணும் வேண்டாம், ரோஸி. இன்னைக்கு அவங்ககிட்ட உண்மையைச் சொல்லியாகணும். சொன்னா அப்புறம் வரமாட்டாங்க."

"வரமாட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விருந்தாளி இல்லாத வீட்டுக்கு எதுக்கு வருவாங்க? அவங்க சூப் கொண்டுவந்தது அவனுக்குத்தானே."

லாரி மறுபடியும் ஆரன் அடித்தது.

"நீங்க இருக்கீங்கல்ல, அந்த வீட்டுல," என்றது ரோஸி.

டெல்பர்ட் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். இரண்டு வருஷத்தில் அவர் காதில் விழுந்த நல்ல வார்த்தை அது. சொன்னது ஒரு தகர டப்பா.

"இன்னும் ஏதாவது வேணுமா?"

"ஒரு காபி. போதும், ரோஸி."

காரை ஜன்னலுக்கு நகர்த்தினார். சாப்பாடு எடுத்துக் கொடுக்கிற மேவிஸ் காபியை நீட்டினாள்.

"என்ன, இன்னைக்கு காபி மட்டும்தானா?"

"மனசு நிறைஞ்சுபோச்சு," என்றார் டெல்பர்ட். "உங்க மெஷின் தங்கமான மெஷின். மனுஷங்க யாரும் இப்படிப் பேசமாட்டாங்க. இன்னைக்கே உங்க தலைமை அலுவலகத்துக்குப் பாராட்டி ஒரு கடிதம் எழுதப்போறேன்."

மேவிஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கிசுகிசுத்தாள்:

"கடிதம் கிடிதம் எழுதி எங்களை மாட்டிவிட்டுடாதீங்க, அந்த மெஷின் வந்த வாரமே பழுதாயிடுச்சு, அன்னையிலேருந்து உள்ளே உட்கார்ந்து மைக்குல பேசுறது உங்க பக்கத்து வீட்டு வில்மாதான்."