சுண்டிப் பார்த்த கயிறு

ஜெயங்கொண்டம்
ஞாயிறு மாலை

அன்பு மாப்பிள்ளை அறிவரசனுக்கு, உன் மாமா செல்லதுரை எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். வீட்டுக் கூடம்தான் கொஞ்சம் சுகமில்லை. போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது, "மாமா, நாகப்பட்டினத்துல நான் என்ன வேலை பார்க்கறேன்னு நம்மூர்ல யாருக்கும் புரியலையே, எப்படிச் சொல்றது?" என்று கேட்டாய். காலமெல்லாம் பாடம் நடத்தியவன் நான் இருக்கையில் உனக்கென்ன கவலை என்றேன். இன்று காலை மீன்சுருட்டி ராசாங்கமும் அவர் மனைவி செங்கமலமும், மகள் தமிழ்மொழிக்கு உன்னை முடிக்கலாமா என்று விசாரிக்க வந்தார்கள். அந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து நீ தினமும் போன் செய்வது எதற்கென்று எனக்குத் தெரியாதா? உட்கார்ந்ததுமே அவர், "பையன் காத்தடிக்கிற வேலையாமே. பஞ்சர் கடைக்குக் குடுக்கவா பொண்ணப் படிக்க வச்சேன்?" என்றார். நான் பொறுமையாக, "அது படகு முழுகினா ஆளு ஏறித் தப்பிக்கிற ரப்பர் தெப்பமுங்க. வருசா வருசம் பிரிச்சு, ஊதி, ஓட்டை பார்த்து, அதைத் தானா ஊத வைக்கிற கேஸ் சிலிண்டரை எடை போட்டு, திரும்ப மடிச்சு வைக்கணும். கல்யாண வூட்டு ஜெனரேட்டர் மாதிரி. வேண்டிய அன்னிக்கு மக்கர் பண்ணக்கூடாது" என்றேன். அவர் முகம் மாறவில்லை. சரி, கண்ணால் பார்க்கட்டுமே என்று, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பழைய தெப்பத்தை நீ உள்ளே மடித்து வைத்துக் கொடுத்துவிட்ட வெள்ளைப் பீப்பாயைக் கூடத்துக்கு உருட்டி வந்தேன். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கயிற்றை மட்டும் இழுக்கக் கூடாது என்று நீ சொன்னதை அவருக்குச் சொல்லுமுன், சந்தையில் மாட்டுக் கயிறு வாங்குகிறவர் மாதிரி மளமளவென்று வெளியே இழுத்து, கையை விரித்து நீளம் பார்த்து, கடைசியில் உறுதி தெரிய வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினார்.

அந்தச் சுண்டுக்குத்தானே அப்பா அது காத்துக்கிட்டிருந்தது. பீப்பாய் ரெண்டாப் பிளந்து, உஸ்ஸுன்னு ஆரஞ்சுக் கூடாரத்தோட எழுந்து, டி.வி.யைச் சாய்ச்சு, அவரைப் பீரோவோட ஒட்டி, அடுப்படி வாசலையும் அடைச்சிடுச்சு. உள்ளேயிருந்து உன் அத்தை, "ஏங்க, காபி ஆறுது, எந்தப் பக்கமா வர்றது?" என்கிறாள். "வாத்தியாரே, மொதல்ல என்னய எடுங்க" என்கிறார் ராசாங்கம். செங்கமலம் மட்டும் தெப்பத்துக்குள் ஏறி உட்கார்ந்து, "இங்க எடமிருக்குங்க, வாங்களேன்" என்கிறார். சன்னலையெல்லாம் திறந்துவிட்டு, காற்று மூடியைத் தேடித் திருகி, காற்று இறங்குவதற்குள் மத்தியானமாகிவிட்டது. ராசாங்கம் காபியைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்.

இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். உன் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியமில்லை. உனக்கு வேறு நல்ல இடம் அமைய எங்கள் ஆசிகள்.

உன் மாமா,
செல்லதுரை

பின்குறிப்பு: உன் அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. உறையை ஒட்டும்போது ராசாங்கம் போன் செய்தார். பஸ்ஸில் மீன்சுருட்டி வரை செங்கமலம் விடவில்லையாம். "எத்தன வருசமா மடிஞ்சு கெடந்தது, ஒரே சுண்டுக்கு எந்திரிச்சு நிக்குது. நீங்க வாங்குன ஆயில் இன்ஜின் என்னிக்காவது மொத சுண்டுக்குக் கெளம்பியிருக்கா? மடிச்ச கைய நம்பிப் பொண்ணு குடுக்கலாம்" என்றாராம். அவரும் சரியென்றுவிட்டார். வெள்ளிக்கிழமை மகளோடு மூவரும் உன் பட்டறைக்கு வருகிறார்கள். நீ எதையும் விளக்காதே. ஒரு தெப்பத்தை விரித்து, ஒரு மூலையை ராசாங்கம் கையில் கொடுத்து மடிக்கச் சொல்லிப் பார்.