ஒன்பது பாதிகள்

அந்த வெள்ளிக்கிழமை, நகரிக்கு அருகிலுள்ள அந்தச் சின்னப் பள்ளியில் இருந்தவர்கள் இவர்கள்: தலைமையாசிரியர் வேதாச்சலம், உதவி ஆசிரியை ஹரிதா, மதியச் சமையல் செய்யும் பச்சையம்மாள், பிள்ளைகள் ஒன்பது பேர். பிறகு சித்தூரிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி பிரபாகர். வேறு யாரும் இல்லை. அன்று அங்கே இல்லாதவர்கள்தான் இன்றுவரை அதிகம் பேசுகிறார்கள்.

வேதாச்சலத்தின் அப்பாவும் தாத்தாவும் வாத்தியார்கள். இருவரும் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவர்கள். அந்த வீட்டுக்குச் சொத்து என்றால் அது ஒன்றுதான். வேதாச்சலத்துக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதத்தைச் சுத்தமாகக் கழித்துவிட்டால் போதும்.

ஆனால் திருப்பதிப் பயிற்சியில் ஒரு புது முறையைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாடத்தின் இலக்கு ஒன்று, அது தெளிவாக இருக்க வேண்டும். அதற்குப் போகும் வழி பிள்ளைக்குப் பிள்ளை மாறலாம். இப்படி எத்தனையோ புது முறைகள் வந்து போனதைப் பார்த்துக் களைத்தவர் வேதாச்சலம். இருந்தாலும் அதிகாரி வருகிறார் என்றதும், நிமிர்ந்து நின்று கரும்பலகையில் எழுதினார்: "இன்றைய இலக்கு: ஒவ்வொருவரும் ஒரு பொருளைச் சரிபாதியாகப் பிரித்து, பாதி எது என்று சொல்ல வேண்டும்."

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணிதான் வழி என்று முடிவு செய்து, பழைய துண்டு ஒன்றைக் கன்னையாவிடம் நீட்டினார்.

"மடிச்சி, நடுவுல கிழிடா."

கன்னையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வெள்ளிக்கெழம துணி கிழிக்கக் கூடாது சார். நைனா தறியிலேந்து சீலையே அறுக்க மாட்டாரு."

"இது சீலையாடா? துண்டு!"

"துண்டும் துணிதானே சார்."

தறிக்காரப் பிள்ளைகள் எல்லாருமே கையைக் கட்டிக்கொண்டார்கள். சரி, காகிதம் என்றார். கரும்புத் தோட்டக்காரர் மகன் சந்துரு அதை ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சிறிதாகவும் கிழித்தான்.

"இது பாதியாடா?"

"பெருசு நைனாவுக்கு சார். நைனாவுக்கும் எனக்கும் ஒரே அளவு வெச்சா ஒத வுழும்."

இதைக் கேட்டதும், சரியாகக் கிழித்து வைத்திருந்தவர்களும் அப்பாவின் பங்கு குறைந்துவிட்டதே என்று பயந்து மறுபடி கிழித்தார்கள். அறை முழுக்கக் காகிதக் குப்பை. சந்தியா மட்டும் எதையும் தொடவில்லை. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத பெண் அவள்.

வேதாச்சலம் நாற்காலியில் சாய்ந்தார். "ஒம்போது பிள்ளைக்கு ஒம்போது வழிம்மா. எனக்கு மூச்சு வாங்குது."

"துன்ற பொருளா குடுங்க சார். அதுல யாரும் ஏமாற மாட்டாங்க," என்றாள் ஹரிதா.

மதியத்துக்கு அவித்த முட்டைகள் தயாராக இருந்தன. பச்சையம்மாள் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கன்னையா தறி நூல் ஒன்றை எடுத்து முட்டையைச் சுற்றி இழுத்தான். கத்தி தோற்றது போங்கள், அப்படி ஒரு நடு வெட்டு. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும், சந்தியாவும்கூட, நூலை வாங்கி இழுத்தார்கள்.

வேதாச்சலத்துக்கு உயிர் வந்தது. "ஒரு பாதியைத் துன்னுங்க. இன்னொரு பாதி ஆபீசருக்குக் காட்ட வேணும். சாப்பாட்டு வேளைக்குத் திருப்பிக் குடுத்துடுவேன்."

ஒன்பது பாதிகளைத் தட்டில் அடுக்கித் தன் அறை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். உடனே ஜீப் சத்தம் கேட்டது.

"பச்சையம்மா! அவரை என் ரூம்ல உக்கார வெச்சித் தண்ணி குடு. இந்தக் குப்பைய வாரிட்டு வந்துடுறேன்."

குப்பையை வாரி முடிப்பதற்குள் அதிகாரி தாமாகவே வகுப்புக்கு வந்துவிட்டார். வேதாச்சலம் கரும்பலகையைக் காட்டினார்.

"பாடம் அப்பறம் பாக்கலாங்க. நான் வந்தது சாப்பாட்டு விஷயமா. பல ஊர்ல பிள்ளைங்களுக்கு முட்டை ஒழுங்காப் போறதில்லன்னு புகார் வந்திருக்கு." அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு பிள்ளைகளிடம் திரும்பினார். "இன்னிக்கி உங்களுக்கு முட்டை எவ்ளோ குடுத்தாங்க?"

யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரல் எழுந்தது. சந்தியா எழுந்து நின்றிருந்தாள்.

"பாதி சார்!"

அவளே பேசிவிட்ட பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "சரிபாதி சார்!"

"மீதிப் பாதி?"

"பெரிய சார் எடுத்துக்கினு போய்ட்டாரு!"

இலக்கு நிறைவேறிவிட்டது. ஒரு பிள்ளை பாக்கியில்லை.

"எல்லாம் என் மேசைமேலதான் இருக்கு. வாங்க காட்டுறேன்," என்று வேதாச்சலம் விறைப்பாக முன்னே நடந்தார்.

தட்டு காலியாக இருந்தது.

அதிகாரி தட்டைப் பார்த்தார். வேதாச்சலத்தைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"சாப்ட்டுப் போங்க சார்," என்றாள் ஹரிதா.

"வேணாம்மா. பசிக்கல."

ஜீப் போய்விட்டது. வேதாச்சலம் கடையிலிருந்து முட்டை வாங்கிவந்து, பிள்ளைகள் தட்டில் ஆளுக்கொரு முழு முட்டை வைத்தார். பிறகு மெமோவுக்காகக் காத்திருந்தார். தபால்காரரைக் கண்டாலே எழுந்து வாசலுக்குப் போனார். மாதம் முடிந்தது. மெமோ வரவில்லை.

வதந்தி வந்தது. மீதிப் பாதியை வாத்தியார் தின்றுவிட்டார் என்றது நகரி. விற்றுவிட்டார் என்றது புத்தூர். திருப்பதியில் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது இன்னும் வளர்ந்திருந்தது. பிரிவுபசார விழாப் பந்தியில், எல்லார் முன்னாலும் சம்பந்தி முரளிதரன் கேட்டேவிட்டார்.

"மெமோ வராம இருக்க, ஆபீசர் கால்ல உழுந்தீங்களாமே சம்பந்தி?"

வேதாச்சலம் இலையைவிட்டு எழப்போனார். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த பச்சையம்மாள் கரண்டியை நிறுத்தினாள்.

"சார் யார் கால்லயும் உழல. அந்தத் தட்டு ஆபீசருக்கு டிபன்னு நெனச்சி நான்தான் மொளகுத்தூள் தூவிக் குடுத்தேன். ஒம்போது பாதியும் துன்ன மனுசன் என்னான்னு மெமோ எழுதுவாரு?"